30 டிகிரிக் கடலின் கரையில்

புகைமூட்டம், திடீர் வெள்ளம், தண்ணீர்ப் பங்கீடு, வெளுக்கும் பவளம்: கிள்ளான் பள்ளத்தாக்கின் வாழ்க்கையில் கடலின் வெப்பநிலைக்கு இருக்கும் பங்கு

போர்ட் கிள்ளானில் கடல் குளிர்வதே இல்லை. ஜனவரி ஆனாலும் ஜூலை ஆனாலும் மலாக்கா நீரிணையின் மேற்பரப்பு ஏறத்தாழ 28 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள்தான் இருக்கும். மோரிப் கடற்கரையில் கால் நனைக்கும் பிள்ளைகளுக்குக் கடல் என்றாலே வெதுவெதுப்புதான்.

உலகம் முழுக்கக் கடல் இப்படி இல்லை. அண்டார்க்டிகாவின் ஓரத்தில் உப்புநீர் மைனஸ் 1.8 டிகிரி வரை இறங்கி, அதன்பின் பனிக்கட்டியாக உறைகிறது. குவைத் விரிகுடாவில் 2020 ஜூலையில் 37.6 டிகிரி பதிவானது. அது நம் உடல் சூட்டைவிட அதிகம். இந்த இரண்டு முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ 40 டிகிரி இடைவெளி. அதோடு ஒப்பிட்டால் நம் நீரிணை ஆண்டு முழுவதும் அசைவது இரண்டு டிகிரிதான்.

அந்த இரண்டு டிகிரி அசைவை நாம் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்த வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். குளிர்ந்த கடலில் ஒரு டிகிரி ஏறுவதும் சூடான கடலில் ஒரு டிகிரி ஏறுவதும் ஒன்றில்லை. வெப்பநிலை 10 டிகிரியிலிருந்து 11க்கு ஏறும்போது நீருக்கு மேலே இருக்கும் காற்றில் கூடுதலாகச் சேரக்கூடிய நீராவியைக் கணக்கிட்டுப் பாருங்கள். 29லிருந்து 30க்கு ஏறும்போது சேரக்கூடியது அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த நீராவிதான் மழையாகிறது, இடியாகிறது, சில ஆண்டுகளில் வெள்ளமும் ஆகிறது. உலகின் மிகச் சூடான கடற்பரப்புகளில் ஒன்றின் ஓரத்தில் குடியிருக்கும் நமக்கு ஒரு டிகிரி என்பது பெரிய கணக்கு.

ஒரே அட்சரேகை, வேறு வேறு கடல்

நிலநடுக்கோட்டை நெருங்கினால் கடல் சூடாகும், துருவத்தை நெருங்கினால் குளிரும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது சரிதான். ஆனால் அது பாதிக் கதைதான். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 12 டிகிரியில் பெரு நாட்டின் லீமா நகரம் இருக்கிறது. கிட்டத்தட்ட அதே அட்சரேகையில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரமும் இருக்கிறது. டார்வின் கடலில் 25 முதல் 31 டிகிரி. லீமா கடலிலோ சாதாரண ஆண்டுகளில் 15 முதல் 20 டிகிரிக்குள். சூரியன் இரண்டு ஊருக்கும் ஒரே மாதிரிதான் காய்கிறது. வித்தியாசம் காற்றாலும் நீரோட்டத்தாலும் வருகிறது.

பெருவின் கரையோரம் வீசும் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதில் ஊட்டச்சத்து நிறைந்திருப்பதால் மீன் பெருகுகிறது. காலாபாகஸ் தீவுகள் நிலநடுக்கோட்டின் மேலேயே இருந்தாலும் அங்கே பெங்குயின்கள் வாழ்கின்றன. ஆழத்தில் ஓடிவரும் ஒரு குளிர்ந்த நீரோட்டம் அங்கே மேலெழுவதுதான் காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளக் கரையோரத்திலும் கன்னியாகுமரியை ஒட்டியும் இதே வேலை நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே கடல் குளிர்கிறது. மத்தி மீன் கரையை நெருங்கி வருவதும் அந்தக் குளிர்நீரை நம்பித்தான்.

பெருவிலிருந்து தள்ளப்பட்ட சூடான மேல்நீர் பசிபிக்கின் மேற்கு ஓரத்தில் வந்து குவிகிறது. அங்கே கடல்மட்டம் கிழக்கு ஓரத்தைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயர்ந்து நிற்கும் அளவுக்குக் குவிகிறது. பப்புவா நியூகினியிலிருந்து இந்தோனேசியா வழியாகச் சுமத்ராவைத் தாண்டி இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பகுதி வரை 28 டிகிரிக்கு மேல் சூடான நீர் பரந்து கிடக்கிறது. பூமியிலேயே இவ்வளவு பரந்த சூடான கடல் வேறெங்கும் இல்லை. அதற்குள்தான் மலேசியா இருக்கிறது.

இந்தச் சூடான நீர் ஓரிடத்தில் தேங்கியும் நிற்பதில்லை. மக்காசார் நீரிணை போன்ற இந்தோனேசியத் தீவுகளின் இடைவெளிகள் வழியாக வினாடிக்கு ஏறத்தாழ 1.5 கோடி கன மீட்டர் நீர் பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குள் பாய்கிறது. இரண்டு பெருங்கடல்களின் வெப்பமும் நம் அக்கம்பக்கத்து நீரிணைகளின் வழியாகத்தான் கைமாறுகிறது.

ஆழம் இன்னொரு கதை சொல்கிறது. வெப்பமண்டலக் கடலாக இருந்தாலும் ஆயிரம் மீட்டர் இறங்கினால் 4, 5 டிகிரிதான். துருவப் பகுதிகளில் குளிர்ந்து கனத்து மூழ்கிய நீர் உலகக் கடல்களின் அடிப்பகுதி முழுவதும் பரவியிருப்பதே காரணம். இதிலும் விதிவிலக்கு உண்டு. சபாவுக்கு வடகிழக்கே உள்ள சூலு கடல் 5,000 மீட்டர் வரை ஆழமானது. ஆனால் அதன் அடிநீர் ஏறத்தாழ 10 டிகிரியில் நிற்கிறது. பக்கத்திலேயே தென் சீனக் கடலின் ஆழத்தில் 2.5 டிகிரிக்கும் குறைவு. சூலு கடலைச் சுற்றிக் கடலடி மேடுகள் வீட்டு வாசல்படியைப் போல உயர்ந்து நிற்கின்றன. அந்தப் படிக்கு மேலே, ஏறத்தாழ 400 மீட்டர் ஆழத்தில் இருக்கும் நீர் மட்டுமே உள்ளே வர முடியும். அதைவிடக் குளிர்ந்த நீர் வெளியிலேயே நின்றுவிடுகிறது.

நம் நீரிணையின் குணம்

மலாக்கா நீரிணை வடக்கே அந்தமான் கடலை நோக்கி அகன்று ஆழமாகிறது. தெற்கே குறுகி ஆழம் குறைகிறது. போர்ட் கிள்ளானுக்கு எதிரே மணல் திட்டுகள் நிறைந்த பகுதி. அங்கே ஒரு திட்டின் மேல் நிற்கும் ஒன் ஃபேதம் பேங்க் கலங்கரை விளக்கத்தைக் கப்பலோட்டிகள் நன்றாக அறிவார்கள். சிலாங்கூர்க் கரையில் ஓதம் பெரிதாக ஏறி இறங்கும். பெரிய ஓத நாட்களில் போர்ட் கிள்ளானில் நீர்மட்டம் 5 மீட்டரைத் தாண்டுகிறது.

ஆழம் குறைவு, ஓதத்தின் வேகம் அதிகம். இவை இரண்டும் சேர்ந்து இப்பகுதியில் நீரை மேலும் கீழுமாகக் கலக்கிவிடுகின்றன. ஆழ்கடலில் மேல்நீருக்கும் அடிநீருக்கும் பெரிய வெப்ப வித்தியாசம் இருக்கும். இங்கே அடி வரைக்கும் ஏறத்தாழ ஒரே சூடுதான். மேல்நீர் சூடேறினால் அடியிலிருந்து குளிர்நீர் வந்து ஆற்றுவதற்கு வழியில்லை. தென் சீனக் கடலின் கதை வேறு. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று வியட்நாம் கரையோரமாகக் குளிர்ந்த நீரைத் தெற்கே இழுத்து வருகிறது. கிழக்குக் கரைக்குக் கிடைக்கும் அந்த ஆறுதல் மேற்குக் கரைக்கு அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

கடல் எப்போதும் சூடாக இருப்பதால்தான் கோலாலம்பூரின் இரவும் குளிர்வதில்லை. கடலிலிருந்து ஓயாமல் எழும் ஈரம் காற்றில் நிறைந்திருக்கிறது. பகலில் கடற்காற்று அந்த ஈரத்தைத் தீத்திவாங்சா மலைத்தொடர் வரை ஏற்றிக்கொண்டு வருகிறது. மலைச்சரிவில் மேலெழுந்த காற்று குளிர்ந்து மாலையில் இடியோடு கொட்டுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டில் ஏறத்தாழ 200 நாட்கள் இடி கேட்கும். உலகில் அதிகமாக இடி இடிக்கும் வட்டாரங்களில் இதுவும் ஒன்று.

இரவில் இது தலைகீழாகிறது. நிலம் குளிர்ந்துவிடும். நீரிணை சூடாகவே இருக்கும். சுமத்ராவிலிருந்தும் தீபகற்பத்திலிருந்தும் கடலை நோக்கி வீசும் காற்றுகள் நீரிணையின் மேல் சந்தித்து, சூடான ஈரக்காற்றை மேலே தள்ளுகின்றன. அப்படி உருவாகும் மேக வரிசை ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் விடியலுக்கு முன்பே மேற்குக் கரையைத் தாக்கும். இதைத்தான் 'சுமத்ரா' காற்று என்கிறார்கள். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு ஜன்னல் படபடக்க எழுந்து துணி எடுக்க ஓடும் கிள்ளான்வாசி, ராத்திரி முழுக்கக் குளிராமல் கிடந்த கடலின் வெப்பத்தைத்தான் சந்திக்கிறார்.

தாது வருடமும் பசிபிக் கடலும்

கடலின் வெப்பநிலை நம் வானிலையை மட்டும் ஆளவில்லை. நாம் இங்கே வந்து சேர்ந்த வரலாற்றிலும் அதற்குப் பங்கு உண்டு.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தைத் தமிழர்கள் தாது வருடப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. மக்கள் பட்டினி கிடக்கும்போதே தானியத்தை ஏற்றுமதி செய்த பிரிட்டிஷ் ஆட்சியின் கொள்கை அந்தச் சாவுகளுக்குப் பொறுப்பு. மழை பொய்த்ததற்கு வேர் கடலில் இருந்தது. 1877இல் பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியது. இப்படிச் சூடேறுவதைத்தான் எல் நினோ என்கிறார்கள். பதிவானவற்றில் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று அது. அதே ஆண்டில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகவும் கிழக்குப் பகுதி குளிராகவும் மாறியிருந்தது. இந்தியா மட்டுமல்ல, சீனாவும் பிரேசிலும் அந்த ஆண்டுகளில் காய்ந்தன.

அந்தப் பஞ்சம் தமிழ்க் குடும்பங்களைப் பெருங்கூட்டமாக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குத் தள்ளியது. நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறும் பழக்கமும் அந்த வறுமையின் வழியில்தான் வளர்ந்தது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்ட இன்றைய போர்ட் கிள்ளான் அந்தப் பயணத்தின் இறங்குதுறைகளில் ஒன்றானது. பின்னாளில் ரஜூலா கப்பலில் வந்திறங்கிய தாத்தா பாட்டிகளின் கதை கிள்ளானில் எத்தனையோ வீடுகளில் இன்னும் சொல்லப்படுகிறது. ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் ஏறிய சில டிகிரிகள் ஒரு சமூகத்தையே இடம் பெயர்த்த காரணங்களில் ஒன்றாக இருந்திருக்கின்றன.

பஞ்சங்களை முன்கூட்டியே அறிய வழி தேடித்தான் கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர் 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குவதையும், அது பின்னர் மாறி வருவதையும் அவர் கண்டுபிடித்தார். அந்த ஊசலாட்டத்துக்கும் பசிபிக் கடல்நீரின் சூட்டுக்கும் உள்ள உறவை 1969இல் விளக்கியவர் யாக்கோபு பியர்க்னஸ். இந்தியப் பெருங்கடலுக்கே உரிய ஊசலாட்டத்தை, அதாவது இருமுனைப் போக்கை, 1999இல் உலகறியச் செய்த குழுவில் சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன் ஆகிய இந்திய அறிஞர்களும் ஜப்பானின் யமகாட்டாவும் இருந்தார்கள். தாது வருடத்தில் யாருக்கும் புரியாத புதிராக இருந்தது இன்று மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லக்கூடிய ஒன்றாகிவிட்டது.

கடல் குளிர்ந்தால் புகை

கடல் சூடேறினால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். நம்மைச் சுற்றியுள்ள கடல் கொஞ்சம் குளிர்ந்தாலும் நமக்குக் கேடு உண்டு.

எல் நினோ ஆண்டில் மேற்குப் பசிபிக்கில் குவிந்திருக்கும் சூடான நீர் கிழக்கே நகர்ந்துவிடுகிறது. மேகமும் மழையும் அதோடு போய்விடுகின்றன. கூடவே இருமுனைப் போக்கும் நேர்முனையில், அதாவது மேற்கு சூடாகவும் கிழக்கு குளிராகவும், இருந்தால் சுமத்ரா, ஜாவா கரையோரம் அடிநீர் மேலேறிக் கடல் மேலும் குளிர்கிறது. சுமத்ராவும் கலிமந்தானும் காய்கின்றன. தோட்டத்துக்காக வடிகால் வெட்டி உலர்த்தப்பட்ட கரிநிலங்களில் வைக்கப்படும் தீ அணைவதே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் புகையை நீரிணையைத் தாண்டி நம் வீடுகளுக்குள் கொண்டு வருகிறது.

1997இல் இரண்டும் ஒருசேர வந்தன. சரவாக்கில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அணைக்கட்டுகளில் நீர் இறங்கி, கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்த 1998இல், கிள்ளான் பள்ளத்தாக்கின் குடும்பங்கள் வாளியோடு தண்ணீர் லோரிக்குக் காத்திருந்தன. 2015இலும் 2019இலும் புகைமூட்டத்துக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. 2019இன் இருமுனைப் போக்கு பதிவானவற்றிலேயே மிக வலுவானவற்றுள் ஒன்று. அதே பருவத்தில் கிழக்கு ஆப்பிரிக்கா வெள்ளத்தில் மூழ்கியது, ஆஸ்திரேலியா காட்டுத்தீயில் எரிந்தது. ஒரே கடலின் இரண்டு கரைகள் எதிரெதிரான பேரிடர்களைச் சந்தித்தன.

எல்லாப் புகைக்கும் கடலின் மேல் பழி போட முடியாது. 2005 ஆகஸ்ட் 11ஆம் தேதி போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்போது வலுவான எல் நினோ எதுவும் இல்லை. தீ மூட்டுவது மனிதர்கள்தான். கடல் செய்வது ஒன்றுதான்: எந்த ஆண்டில் அந்தத் தீ எல்லை மீறும் என்பதை அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது. அந்தக் குறிப்பைப் படித்துத் தீ வைப்பதைத் தடுக்க அரசுகளுக்குப் பல மாதங்கள் கிடைக்கின்றன.

கடல் சூடேறினால் வெள்ளம்

வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். காற்று சுமக்கும் ஈரம் எப்படிக் கொட்டும் என்பதை 2021 டிசம்பரில் பார்த்தோம். 16ஆம் தேதி தென் சீனக் கடலிலிருந்து வந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் பகாங் கரையைத் தொட்டு, தீபகற்பத்தைக் கடந்து மேற்கே வந்தது. வழக்கமாக வடகிழக்குப் பருவமழையின் கொடுமை கிழக்குக் கரைக்குத்தான். அந்த வார இறுதியில் அது சிலாங்கூரின் மேல் வந்து நின்றது. ஒரு மாதத்துக்கு உரிய மழை ஏறத்தாழ ஒரே நாளில் கொட்டியது.

ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். கோவில்களும் இளைஞர் குழுக்களும் உணவுப் பொட்டலங்களோடு படகு தேடி அலைந்தன. நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு இறுதி வெள்ளங்களின் இழப்பு 610 கோடி ரிங்கிட் என மலேசியப் புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது.

நிலநடுக்கோட்டை ஒட்டிப் புயல் உருவாகாது என்பது பாடநூல் விதி. பூமியின் சுழற்சி காற்றைச் சுழற்றிவிடும் விசை அங்கே மிகவும் குறைவு. கடல் எவ்வளவு சூடாக இருந்தாலும் சுழல் பிடிக்காது. ஆனால் 2001 டிசம்பர் இறுதியில் வாமெய் புயல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.4 டிகிரியில், சிங்கப்பூருக்குப் பக்கத்திலேயே உருவாகி ஜோகூரைத் தாக்கியது. 2025 நவம்பர் இறுதியில் மலாக்கா நீரிணையிலேயே சென்யார் புயல் உருவானது. சுமத்ராவில் வெள்ளமும் மண்சரிவும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. வலுவிழந்த பிறகு அது திரும்பி வந்து தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையையும் தொட்டது. இந்த நீரிணைக்குப் புயல் வராது என்ற நம்பிக்கையை இனியும் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்யும் மழை கடலுக்குத் திரும்பும் வழி கிள்ளான் ஆறு. மலையில் பிறந்து கோலாலம்பூர் நடுவே கோம்பாக் ஆற்றோடு சேர்ந்து, பிரிக்பீல்ட்ஸை உரசிக்கொண்டு, ஷா ஆலாம் வழியாகக் கிள்ளான் நகரைக் கடந்து நீரிணையில் கலக்கிறது. 1881இல் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்த கோலாலம்பூரைச் செங்கல்லால் மறுபடி கட்ட முடிவானபோது, அதற்கான சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். ஆற்றோரக் களிமண்ணில் பிறந்த ஊர் அது. அதே ஆறு 1971 ஜனவரியில் தலைநகரை மூழ்கடித்தது. நகர மையத்தைக் காக்க 2007இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது.

சுரங்கம் மேல்பகுதிக்கு உதவும். கிள்ளானின் தாழ்வான குடியிருப்புகளின் பிரச்சினை வேறு. பெரிய ஓதம் ஏறும் நேரத்தில் ஆற்றுநீர் கடலுக்குள் இறங்க முடியாமல் நிற்கிறது. அந்த நேரத்தில் மேலிருந்து வெள்ளமும் வந்தால் கரைகளும் மதகுகளும் பம்பு நிலையங்களும்தான் கதி. இதிலும் வெப்பநிலை வந்து நிற்கிறது. சூடேறிய நீர் விரிவடைகிறது. உலகக் கடல்மட்டம் உயர்வதற்குப் பனி உருகுவதோடு இந்த விரிவும் பெரிய காரணம். கடல் உயர உயர, ஓதத்துக்கும் கிள்ளான் வீடுகளின் வாசலுக்கும் இடையிலான உயரம் குறைந்துகொண்டே வருகிறது.

மீனுக்கும் பவளத்துக்கும் ஒரு டிகிரி

வடசீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடலின் வடபகுதி குளிர்காலத்தில் உறைநிலையை நெருங்கி, கோடையில் 25 டிகிரி வரை ஏறுகிறது. அங்குள்ள உயிர்கள் ஓராண்டில் 20 டிகிரிக்கு மேல் மாறும் கடலில் வாழப் பழகியவை. நம் கடலின் உயிர்கள் இரண்டு, மூன்று டிகிரிக்குள் வாழப் பழகியவை. பல உயிர்கள் தாங்கக்கூடிய உச்சத்துக்கு மிக அருகிலேயே ஆண்டு முழுவதும் இருக்கின்றன. அதனால்தான் சின்ன ஏற்றமும் இங்கே பெரிய அடியாக விழுகிறது.

பவளம் இதற்குக் கண்கூடான சாட்சி. வழக்கமான ஆண்டு உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தால் போதும், பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசி வெளியேறிப் பவளம் வெளுத்துவிடுகிறது. சூடு தணிந்தால் தேறும், நீடித்தால் சாகும். 2010இல் தியோமான், ரெடாங் உள்ளிட்ட தீவுகளில் முக்குளிப்பு இடங்கள் சில மூடப்பட்டன. 2016இல் மன்னார் வளைகுடாவின் உயிருள்ள பவளத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் மாண்டது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு தீபகற்பத்தின் கிழக்குக் கரைத் தீவுகளில் பாதிக்கும் மேற்பட்ட பவளம் வெளுத்ததாக மலேசிய மீன்வளத் துறை தெரிவித்தது.

மூச்சுக்காற்றும் இதில் அடங்கியிருக்கிறது. 30 டிகிரிக் கடல்நீர், உறைநிலைக் கடல்நீரில் கரையும் ஆக்சிஜனில் ஏறத்தாழ பாதியைத்தான் வைத்திருக்க முடியும். சூடு ஏற ஏற மீனின் உடலுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, நீரில் இருப்பதோ குறைகிறது. கெம்போங் போன்ற மீன்கள் தமக்கு ஏற்ற நீரைத் தேடி நகரலாம். சேற்றில் புதைந்து வாழும் கெராங் சிப்பிக்கு நகர வழியில்லை. சிலாங்கூர்க் கரையின் கெராங் விளைச்சல் 2010க்குப் பிறகு கடுமையாக வீழ்ந்ததற்கு ஆற்று மாசும் குஞ்சுச் சிப்பிப் பற்றாக்குறையும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஏற்கெனவே நலிந்த அந்தக் கரைக்கு வெப்ப ஏற்றம் கூடுதல் சுமை.

கடலின் சூட்டை எப்படி அளக்கிறார்கள்?

தொடக்கத்தில் கப்பலிலிருந்து வாளியை இறக்கி நீரை மொண்டு வெப்பமானியால் அளந்தார்கள். 1853இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய கடல் நாடுகள் இந்தப் பதிவுகளை ஒரே முறையில் எழுத ஒப்புக்கொண்டன. பின்னர் எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரை அளந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் இரவில் மேல்தளத்தில் விளக்கேற்ற முடியாததால் எஞ்சின் நீரின் அளவே அதிகம் பதிவானது. அது வாளி நீரைவிடச் சற்றுச் சூடானது என்பதால், அந்த ஆண்டுகளின் பதிவுகளை அறிஞர்கள் பின்னர் திருத்த வேண்டியிருந்தது. 1980களிலிருந்து செயற்கைக்கோள்கள் மேற்பரப்பைத் தொடர்ந்து அளக்கின்றன. 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஆர்கோ திட்டத்தில் ஏறத்தாழ 4,000 மிதவைகள் 10 நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை மூழ்கி எழுந்து கணக்கு அனுப்புகின்றன. ஆழம் குறைந்த நம் நீரிணை அவற்றுக்கு ஏற்றதல்ல. இங்கே செயற்கைக்கோளும் கரையோரக் கருவிகளும் கப்பல்களும்தான் கண்கள்.

இந்தக் கருவிகள் எல்லாம் சேர்ந்து சொல்லும் செய்தி ஒன்றே. மனிதர்கள் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களால் பூமியில் தேங்கும் கூடுதல் வெப்பத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தைக் கடல் உள்வாங்கியிருக்கிறது. கடலின் மேல் மூன்று மீட்டர் நீர், காற்றுமண்டலம் முழுவதும் சேர்த்து வைக்கும் அளவு வெப்பத்தைத் தாங்கும். துருவப் பகுதிகளை நீக்கிப் பார்த்தால், 2024இல் உலகக் கடல் மேற்பரப்பின் சராசரி 20.87 டிகிரி. பதிவானவற்றில் அதுவே உச்சம் என ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் அமைப்பு அறிவித்தது. 1950 முதல் 2020 வரை இந்தியப் பெருங்கடல் நூற்றாண்டுக்கு 1.2 டிகிரி என்ற வேகத்தில் சூடேறியது. புனேயின் ரோக்சி மேத்யூ கோல் தலைமையிலான ஆய்வின்படி, இந்த நூற்றாண்டில் அந்த வேகம் 1.7 முதல் 3.8 டிகிரி வரை ஆகலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 20 நாட்களாக இருந்த கடல் வெப்ப அலை நாட்கள் 220 முதல் 250 வரை பெருகக்கூடும் என்றும் அந்த ஆய்வு எச்சரிக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

மழை வருமா என்று கைப்பேசியைப் பார்ப்பதுபோல, மூன்று எண்களைப் பார்க்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். முதலாவது, பசிபிக்கின் நடுப்பகுதி வழக்கத்தைவிட எவ்வளவு சூடு என்பது. அரை டிகிரிக்கு மேல் ஏறி மாதக்கணக்கில் நீடித்தால் எல் நினோ. அந்த ஆண்டில் தண்ணீரைச் சேமிக்கவும் முகக்கவசம் வாங்கி வைக்கவும் தயாராகலாம். இரண்டாவது, இந்தியப் பெருங்கடலின் இருமுனைக் குறியீடு. அதுவும் நேர்முனையில் ஏறினால் புகைக்கான எச்சரிக்கை இரட்டிப்பாகிறது. மூன்றாவது, நீரிணையும் தென் சீனக் கடலும் நவம்பரில் எவ்வளவு சூட்டில் இருக்கின்றன என்பது. சூடு கூடினால் மழைக்கான ஈரமும் கூடும். இவை எல்லாம் அமெரிக்க, ஆஸ்திரேலிய வானிலை அமைப்புகளின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. பருவமழை எச்சரிக்கைகளை நம் வானிலைத் துறையான மெட்மலேசியா வெளியிடுகிறது.

எண்களைப் பார்ப்பது முதல் படிதான். அதன்பின் கேள்வி கேட்க வேண்டும். பருவமழைக்கு முன் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானின் தாழ்வான தாமான்களிலும் பம்புகள் ஓடிச் சோதிக்கப்பட்டனவா? ஓதம் உச்சத்தில் இருக்கும் நேரமும் கனமழை எச்சரிக்கையும் ஒரே அறிவிப்பில் மக்களுக்குச் சொல்லப்படுகின்றனவா? அந்த அறிவிப்பு தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டிக்கும் புரியும் மொழியில் வருகிறதா? அலைவேகத்தைத் தணிக்கும் சிலாங்கூர்க் கரையின் சதுப்புநிலக் காடுகள் இன்னும் எவ்வளவு மிச்சம்? நகராட்சியிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் குடியிருப்பாளர் சங்கம் வழியாக இவற்றைக் கேட்கும் உரிமை ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு.

1877இல் கடல் சூடேறியபோது நம் முன்னோர்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. ஆட்சியாளர்களும் அவர்களைக் காக்கவில்லை. இன்று கடல் தன் நிலையை நாள்தோறும் அறிவிக்கிறது, அதைப் படிக்கும் அறிவும் நம்மிடம் இருக்கிறது. 2021இல் ஸ்ரீ மூடா மக்கள் கூரை மேல் கழித்த இரவுகள் மறுபடி வராமல் இருக்க வேண்டுமென்றால், அடுத்த நவம்பருக்கு முன்பே அந்த அறிவிப்பின்படி நடக்கும் நிர்வாகம் நமக்கு வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது நம் வேலை.